பிறக்காத பிள்ளைகளுக்காக ஒரு சண்டை

மார்ச் 3

ஆயிரத்தொரு இரவுகளில் வரும் இரண்டு வசீர்கள் (மந்திரிகள்) கதையை மறுபடி எடுத்தேன். 1704-ல் மொழிபெயர்ப்பாளர் கல்லான் பிரெஞ்சில் வெளியிடத் தொடங்கியபோது கையில் வைத்திருந்த சிரியக் கையெழுத்துப் படியிலேயே இது உண்டு. அலாவுத்தீன் போலப் பின்னால் ஒட்டியதல்ல.

கெய்ரோவில் அண்ணன் ஷம்சுத்தீன், தம்பி நூருத்தீன். இருவருமே வசீர்கள். ஒரு ராத்திரி பேச்சுவாக்கில், ஒரே நாளில் கல்யாணம் செய்வோம், எனக்குப் பெண்ணும் உனக்குப் பையனும் பிறந்தால் சம்பந்தம் பண்ணிக்கொள்வோம் என்கிறான் அண்ணன். சரி, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹர் எவ்வளவு? 3,000 தீனார், மூன்று தோட்டம், மூன்று பண்ணை. அண்ணன் தம்பிக்குள் என்ன மஹர் என்று தம்பிக்குச் சுருக்கென்றது. ஆண்பிள்ளைதானே உசத்தி என்று அவனும் வாயை விட்டான். இன்னும் பெண்கூடப் பார்க்கவில்லை இவர்கள்! சிரித்துக்கொண்டே படித்தேன். விடிந்ததும் அண்ணன் சுல்தானோடு பயணம் கிளம்ப, தம்பி கோவேறு கழுதையில் ஏறி ஊரைவிட்டே போய்விட்டான்.

மார்ச் 5

பஸ்ராவில் தம்பிக்குக் கல்யாணம். அதே ராத்திரி கெய்ரோவில் அண்ணனுக்கும். இங்கே தம்பிக்கு மகன் ஹசன் பிறக்கிறான், அங்கே அண்ணனுக்கு மகள் சித்துல் ஹுஸ்ன். அண்ணன், 'என் வாய்தான் அவனைத் துரத்தியது' என்று ஆள் விட்டுத் தேடிப் பார்த்து ஓய்ந்துபோகிறான். தம்பி ஒரு கடிதம் போட்டிருக்கலாம். எனக்கு அவன்மேல்தான் கோபம்.

மார்ச் 6

தம்பி போடாத கடிதம், அவன் சாகும்போது காகிதத்தில் ஏறுகிறது. பஸ்ராவுக்கு வந்த நாள், கல்யாணம், மகன் பிறந்தது எல்லாம். அதை மெழுகுத் துணியில் சுற்றி ஹசனின் தலைப்பாகைக்குள் வைத்துத் தைத்தாயிற்று. அப்புறம் ஜின்கள் ஹசனைக் கெய்ரோவுக்குத் தூக்கிவந்து, சித்துல் ஹுஸ்னுக்கு மாப்பிள்ளையாக ஒரு கூனன் உட்காரவேண்டிய இடத்தில் உட்காரவைத்து, விடியுமுன் டமாஸ்கஸில் போட்டுவிடுகின்றன. தலைப்பாகை மட்டும் கெய்ரோவில் தங்கிவிடுகிறது.

அண்ணன் தையலைப் பிரிக்கிறான். தம்பி கையெழுத்து. மயங்கி விழுகிறான். தெளிந்ததும் முதலில் தேதிகளை ஒத்துப் பார்க்கிறான். கல்யாணத் தேதி ஒன்று. பிள்ளைகள் பிறந்த தேதியும் ஒன்று. மஹர்? ஹசன் விட்டுப்போன துணிகளோடு 1,000 தீனார் பை ஒன்று கிடந்தது.

மார்ச் 9

மீதியை ஒரே மூச்சில் முடித்தேன். ஹசன் செய்த மாதுளை முத்துப் பண்டத்தில் மிளகு போடவில்லை என்று மாமனாரே மருமகனைக் கழுமரம் வரை மிரட்டுவது வேடிக்கைதான், கொஞ்சம் நீளம்.

மனம் பஸ்ராவிலேயே நிற்கிறது. ஹசனைத் தேடி வந்த ஷம்சுத்தீன் தம்பி வீட்டுக்குள் நடக்கிறான். சுவரில் பொன் எழுத்தில் நூருத்தீன் பெயர். கிட்டே போய் அந்தப் பெயரை முத்தமிட்டு அழுகிறான்.