எரிமலைக் கல்லில் எழுந்த கோயில்கள்

பிரான்சுக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் பாரிசையும் லூர்து நகரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தொண்டியிலிருந்து பாம்பன் வரை எங்கள் கடற்கரைப் பங்குகள் பலவற்றில் லூர்து மாதா கெபி இருப்பதால் அந்த ஆசைக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அதே நாட்டின் நடுப்பகுதியில் ஓவெர்ன் என்றொரு மலைநாடு இருக்கிறது. பழைய எரிமலைகளும், எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சிற்றூர்க் கோயில்களும் அங்கே அடுத்தடுத்து நிற்பதையும், அவற்றைப் பார்க்க நம் ஊர்களிலிருந்து ஏறக்குறைய யாருமே போவதில்லை என்பதையும் எண்ணியே இதை எழுதுகிறேன். என் அக்காவும் அத்தானும் அந்தப் பகுதியின் பெரிய நகரமான கிளெர்மோன்-ஃபெரானில் குடியிருப்பதால் எனக்குத் தங்க இடமும் சுற்ற வண்டியும் கிடைத்தன. வண்டி இல்லாமல் அங்கே போவது வீண். சிற்றூர்களுக்குப் பேருந்து என்பது பெயரளவுக்குத்தான்.

ஓவெர்னில் கோயிலைத் தனியாகவும் மலையைத் தனியாகவும் பார்க்க முடியாது என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. கிளெர்மோன் நகரின் பேராலயம் 1248இல் கட்டத் தொடங்கப்பட்டது. அடி முதல் கோபுர நுனி வரை கறுப்பு. புகை படிந்த கறுப்பு என்றே தொலைவிலிருந்து நினைக்கத் தோன்றும். அருகில் சென்று தொட்டுப் பார்த்தால், ஊசிக்கண் அளவிலான துளைகள் நிறைந்த எரிமலைக் குழம்புக் கல் அது என்று விரலுக்கே தெரிகிறது. நகருக்கு வடக்கே உள்ள வொல்விக் என்னும் ஊரின் கல் அது. அந்த ஊருக்கு மேலுள்ள எரிமலை உமிழ்ந்த குழம்பு ஆறிக் கல்லானதை வெட்டி எடுத்துக் கோபுரமாக நிறுத்தியிருக்கிறார்கள். நகரின் மேற்கே வடக்கு தெற்காக ஏறத்தாழ எண்பது எரிமலைகள் ஒரே வரிசையில் கிடக்கின்றன. 2018இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் உயர்ந்த புய் து தோம் 1,465 மீட்டர். உச்சிக்குப் பல்சக்கர ரயில் போகிறது. மேலே உரோமர் காலக் கோயில் ஒன்றின் இடிபாடும், புல் மூடிய எரிமலை வாய்களின் காட்சியும் உண்டு. 1648இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் இந்த மலை மீதுதான் பாதரசக் குழாயைத் தூக்கிச் சென்று, உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்று காட்டினார். பள்ளியில் படித்த சோதனை நடந்த இடத்தில் நிற்பது தனி மகிழ்ச்சி என்றாலும், கூட்டம் அதிகம் என்பதால் நான் அங்கே நெடுநேரம் நிற்கவில்லை.

தென்கிழக்கே லு புய் நகரம் இருக்கிறது. ஓவெர்னில் ஒரே ஓர் ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஊரின் நடுவே ஏறத்தாழ எண்பது மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான ஒரு பாறை எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில், இனி ஒரு கல் வைக்கவும் இடமில்லை என்னும்படி, அதிதூதர் மிக்கேலுக்கு ஒரு சிறு கோயில். எரிமலையின் தொண்டைக்குள் இறுகிப்போன குழம்பு அது. சுற்றியிருந்த மென்மையான மண்ணும் சாம்பலும் மழையிலும் ஆற்றிலும் கரைந்துபோக, உள்ளே இருந்தது மட்டும் நிற்கிறது. எங்கள் பக்கம் பனங்காடுகளில் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி, இறுகியபின் சிரட்டையை எடுத்துவிட்டால் தன் வடிவத்தில் நிற்குமே, அதுபோல. ஸ்பெயினின் கொம்போஸ்தெலாவுக்கு 950ஆம் ஆண்டுவாக்கில் திருப்பயணம் சென்று திரும்பிய கொதெஸ்கால்க் என்னும் ஆயரின் காலத்தில், 961ஆம் ஆண்டளவில், இந்தக் கோயில் எழுந்தது. ஏற 268 படிகள். படிகளும் அந்தப் பாறையிலேயே செதுக்கியவை.

படியேறி முடித்ததும் எல்லோரும் திரும்பி நின்று ஊரைப் படம் எடுக்கிறார்கள். வாசலைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கறுப்பும் வெள்ளையும் சிவப்புமான கற்சில்லுகளை அடுக்கி வாசலின் மேல் கோலம் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே, நிலைக்கு மேலுள்ள கல்லில் இரண்டு கடற்கன்னியர். ஒருத்திக்கு மீன்வால், மற்றவளுக்குப் பாம்புவால். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், எரிமலை உச்சியில், மீன்வால் பெண்ணைச் செதுக்கியவன் கடலைக் கண்டிருப்பானா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கடற்கன்னிக் கதைகளுக்குக் கடற்பசுவே காரணம் என்று சொல்வார்கள். எங்கள் பாக் நீரிணையின் கடற்புல் மேட்டில் மேயும் அந்தக் கடற்பசுவை, எங்கள் பேச்சில் ஆவுளியாவை, வலையில் சிக்கிய நிலையில் கண்ட பெரியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் அது பெண்ணாகத் தோன்றியதில்லை.

கோயிலுக்குள் தூண்கள் நேர்வரிசையில் இல்லை. பாறையின் உச்சி எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே சுவரும் வளைகிறது. தரையைச் சமப்படுத்திவிட்டுக் கட்டத் தொடங்கும் நம் காலத்து வழக்கத்தோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

எதிரேயுள்ள மற்றொரு பாறையில் செம்மை நிறம் பூசிய பெரிய மாதா சுரூபம் நிற்கிறது, 1860இல் நிறுவப்பட்டது. கிரிமியப் போரில் செவஸ்தபோலில் பிடித்த 213 பீரங்கிகளை உருக்கி வார்த்தது என்பது அதன் வரலாறு. வரலாறு சுவையானது, சுரூபம் சுமார்தான். அதைவிடப் பேராலயத்தில் காலைத் திருப்பலிக்குப் பின் நடப்பதைப் பார்க்க வேண்டும். கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போகிறவர்கள் புறப்படும் முக்கிய ஊர்களுள் லு புய் ஒன்று. குருவானவர் ஆசீர் அளித்ததும், கோயிலின் நடுத்தரையில் உள்ள கம்பிக்கதவு திறக்கிறது. முதுகுப்பையோடு நிற்பவர்கள் அதன் வழியே படியிறங்கித் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிற எங்கள் ஊர்க் கூட்டத்தின் பாட்டும் ஆரவாரமும் அங்கே இல்லை. பலரும் தனியாளாகவே புறப்படுகிறார்கள்.

அந்த ஊரின் பச்சைப் பருப்பையும் சொல்ல வேண்டும். நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிற அதே இனம்தான். தோல் பச்சையாக, சிறிதாக இருக்கும், வெந்தாலும் குழையாது. எரிமலை மண்ணில் விளைவதாகச் சொல்லி 1996இலேயே அதன் பிறப்பிடப் பெயருக்குச் சட்டக் காப்பு வாங்கிவிட்டார்கள். நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023இல்தான் கிடைத்தது. அக்கா வீட்டில் இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தன; அந்தப் பருப்பை அவர்கள் பன்றி இறைச்சித் துண்டுகளோடு வேகவைப்பதைவிட, முண்டு மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தது நன்றாக இருந்தது என்று நடுவுநிலையோடு சொல்கிறேன்.

கிளெர்மோனுக்குத் தென்மேற்கே மலைகளுக்கு நடுவே ஓர் இடுக்கில் ஓர்சிவால் என்னும் சிற்றூர். சில வீதிகளே உள்ள அந்த ஊருக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிய 12ஆம் நூற்றாண்டுக் கோயில் அங்கே இருக்கிறது. சாம்பல் நிற எரிமலைக் கல். உள்ளே அக்ரூட் (வால்நட்) மரத்தில் செதுக்கி வெள்ளித் தகடு போர்த்திய மாதா, மடியில் குழந்தையோடு நேராக அமர்ந்திருக்கிறார். புன்னகை இல்லை, சாய்வு இல்லை, அரசி கொலுவிருப்பது போன்ற இருப்பு. காரங்காட்டுச் செங்கோல் மாதாவை வணங்கி வளர்ந்தவனுக்கு அந்த அரச தோரணை புதிதாகத் தெரியவில்லை. ஆண்டவர் விண்ணேற்றத் திருவிழாவில் அந்த மாதாவை ஊர்வலமாக எடுத்துச் செல்கிறார்கள்.

ஆனால் என்னை அங்கே நிறுத்தி வைத்தது வெளிச்சுவர். தெற்குப் பக்கச் சுவரின் உயரத்தில் இரும்புச் சங்கிலிகளும் விலங்குகளும் துருவேறித் தொங்குகின்றன. சிறையிலிருந்து விடுபட்டவர்கள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, தங்களைப் பிணைத்திருந்த சங்கிலியையே காணிக்கையாகக் கொண்டுவந்து மாட்டியவை அவை. வெள்ளிக் கண், வெள்ளிக் கால், சிறு வெள்ளிப் படகு என்று காணிக்கை செலுத்துவதைப் பார்த்திருக்கிறேன். சங்கிலியை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஊர் திரும்பியபின் படங்களைப் பெரியப்பாவிடம் காட்டினேன். விசைப்படகில் பல்லாண்டு போனவர். எரிமலை, ஏரி, கோபுரம் எல்லாவற்றையும் வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், இந்தப் படத்தில் நின்றுவிட்டார்.

“இது நெசமாவே ஆளு காலுல கெடந்த சங்கிலியாடா?”

“ஆமா பெரியப்பா. வெளிய வந்தவுக கொண்டாந்து மாட்டுனது.”

“நம்ம பயலுக வந்தா என்னத்தக் கொண்டாந்து மாட்டுறது? படகையே அங்க புடிச்சு வச்சுக்கிறான்.”

அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் சிறையிருந்து வந்தவன். அவன் திரும்பிய வாரம் பெரியம்மா ஓரியூருக்குப் போய், புனித அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) தலை வெட்டுண்ட அந்தச் செம்மண்ணில் முழந்தாளிட்டு வந்தார். 1693இல் அவர் இரத்தம் சிந்திச் சிவந்ததாக நம்பப்படும் மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துவருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓவெர்னில் கல், ஓரியூரில் மண். பக்தி தன் காலடியில் கிடப்பதைத்தான் முதலில் கையில் எடுக்கிறது போலும்.

சேன்-நெக்தேர் என்னும் ஊரின் கோயிலில் செதுக்கிய தூண்தலைகள் 103 இருக்கின்றன; கழுத்து வலிக்கப் பார்க்கலாம். இருநோக்கி ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது. அவ்வூர்ப் பாலாடைக்கட்டி புகழ்பெற்றது. எனக்கு அந்த வாடை ஒத்துவரவில்லை.

அதற்கும் தெற்கே பவேன் ஏரி. ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்த குழியில் நீர் தேங்கியது. ஏறக்குறைய முழு வட்டம், ஆழம் 92 மீட்டர். அடியிலுள்ள நீர் மேல்நீரோடு கலப்பதே இல்லை. கரையைச் சுற்றி மரங்களுக்கிடையே நடைபாதை இருக்கிறது. ஏரிக்குள் ஒரு கல்லை எறிந்தால் புயல் கிளம்பும் என்றும், பாவம் மிகுந்த ஒரு பழைய ஊர் இறைவனின் கோபத்தால் இந்த நீருக்கடியில் மூழ்கிக் கிடக்கிறது என்றும் அங்கே கதைகள் உண்டு. சுற்றுலா வந்தவர்கள் சிரித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லிக்கொள்வதைக் கேட்டேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் என்ன மிஞ்சியது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு எளிதில் வருவதில்லை.

ஏரிக்கு மேலே புல்வெளியில் வசிவியேர் என்றொரு கோயில் தனியாக நிற்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் பெஸ் என்னும் ஊரிலிருந்து மாதா சுரூபத்தைத் தோளில் சுமந்து இங்கே கொண்டுவருகிறார்கள்; செப்டம்பர் இறுதியில் மீண்டும் ஊருக்கு இறக்குகிறார்கள். மாடுகள் கோடையில் மேய்ச்சலுக்கு மலையேறிக் குளிருக்கு முன் இறங்குகிற கணக்கை ஒட்டியே மாதாவும் ஏறி இறங்குகிறார். நான் பார்த்தவற்றுள் மலையும் வழிபாடும் இவ்வளவு நெருங்கிப் பிணைந்த இடம் வேறில்லை.

இந்தச் சிற்றூர்க் கோயில்கள் எப்படி இவ்வளவு நன்றாக நிற்கின்றன என்று அத்தானிடம் கேட்டேன். 1905இல் வந்த சட்டப்படி, அதற்கு முன் கட்டப்பட்ட பங்குக் கோயில்கள் ஊராட்சிகளின் உடைமை, பேராலயங்கள் அரசின் உடைமை. கூரை ஒழுகினால் ஊராட்சித் தலைவருக்குத்தான் கவலை. வழிபாட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோய், ஒரே குருவானவர் பல ஊர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றப் போய்வருகிறார். ஆனாலும் சுவர் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கல் சிதைந்தால் அதே வகை எரிமலைக் கல்லை வெட்டிப் பொருத்த அங்கே கொத்தர்கள் இருக்கிறார்கள்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் கோயிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. படம் எடுக்கும் கூட்டத்தை விலக்கிவிட்டு அந்தச் சுவரருகே போய்ப் பாருங்கள்: கல்லில் பூப்பூவாக, நட்சத்திரக் கோடுகளோடு நெருங்கிய துளைகள் தெரியும். அவை ஒரு காலத்தில் உயிரோடிருந்த பவளப்பாறைகள். கடலிலிருந்து எடுத்து, சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கியிருக்கிறார்கள். ஓவெர்ன்காரர்கள் எரிமலையை அடுக்கியதைப் போலவே இவர்கள் கடலை அடுக்கினார்கள். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் நெடுங்காலம் வெட்டித் தீர்த்தபின், 2001இல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இனி ஒரு துண்டை எடுப்பதும் குற்றம். அது சரியான சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் விளைவாக, அந்தச் சுவரில் உதிரும் கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. இப்போது நிற்கிற கற்களை முட்டுக் கொடுத்தும் சாந்து பூசியும் காப்பது ஒன்றே வழி. அப்படியிருந்தும் அதில் பெயரைக் கீறுகிறவர்கள் இருக்கிறார்கள், பெயர்ந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். ஓர்சிவாலில் அந்தத் துருப்பிடித்த சங்கிலிகளைக் கைக்கெட்டாத உயரத்தில் மாட்டியவர்கள், மனிதர்களைப் பற்றி நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.