சித்திரைச்சாவடிக்கு ஒரு டீ வடிகட்டியோடு

போன ஆடியில் வெள்ளியங்கிரி மலைப் பக்கம் நல்ல மழை. ஒரு வாரம் பொறுத்து கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறினேன். நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்தால் அதிக நாள் நிற்காது. ஆனால் நான் தேடிப்போன நீர்ப்பூச்சிகளும் சிற்றுயிர்களும் கண்ணில் பட ஒரு வாரமாவது ஆகும். பையில் டீ வடிகட்டி, வெள்ளைப் பீங்கான் தட்டு, ஒரு லென்ஸ்.

சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கு மேலே, முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் தட்டையாக ஒட்டியிருந்தது மூன்று வால் கொண்ட ஒரு பூச்சிக்குஞ்சு. வளர்ந்து இறகு முளைத்தால் ஓரிரு நாளில் ஆயுள் முடிந்துவிடும் இனம். பக்கத்திலேயே மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் வாழும் புழு. ஓடும் தண்ணீரும் அதில் கரைந்த பிராணவாயுவும் இருந்தால்தான் இதுகள் பிழைக்கும்.

அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால்தான் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி என்று வரிசையாகக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. வாய்க்கால் கரையோடு பாக்குத்தோப்புகளைத் தாண்டி நடந்தேன். புதுக்குளத்தின் ஓரத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர், அடியில் மூழ்கிய புல். வடிகட்டியை ஒருமுறை இழுத்துத் தட்டில் கவிழ்த்தால், தட்டே துடிக்கிறது! நூற்றுக்கணக்கில் நீர்த்தெள்ளு (தத்தித் தத்தி நீந்தும், புள்ளியளவு உயிர்), கடுகளவு நத்தைகள், நெளியும் கொசுப்புழு, அதைப் பிடிக்கத் தாடையை விரிக்கும் நீர்வண்டுக் குஞ்சு.

தோப்புக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "தண்ணி வந்து எட்டு நாள்தானுங்க அம்மிணி ஆச்சு. மொதல்ல கொசு வரும். அப்பறம் தட்டான் வரும், கொக்கு வரும். எங்கப்பாரு காலத்துலயும் இதேதானுங்க."

அவர் சொன்ன வரிசை அப்படியே சரி. காய்ந்த வண்டலுக்குள் நீர்த்தெள்ளின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெள்ளம் ஏறியதும் அவை பொரிக்கின்றன. மூழ்கிய புல்லும் சருகும் அழுகி, அதில் நுண்ணுயிரும் பாசியும் பெருக, அதைத் தின்னப் புழு வருகிறது. புழுவைத் தின்ன மீன்குஞ்சு. ஆழமில்லாத, வெதுவெதுப்பான, மெல்ல நகரும் தண்ணீரில்தான் இந்த வேகம் உண்டு. ஆற்றின் நடு ஓட்டத்தில் இது நடக்காது. வெள்ளம் பக்கவாட்டில் பரவி மறுபடி வடியும் இந்த மூச்சே ஆற்றுச் சமவெளியின் உயிர் என்று 1989-இல் ஆய்வாளர்கள் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கிஸிம்மி ஆற்றை நினைத்துக்கொண்டேன். வளைந்து வளைந்து சுமார் 166 கி.மீ. ஓடிய ஆற்றை, 1962 முதல் 1971 வரை வெட்டி 90 கி.மீ. நேர்வாய்க்காலாக ஆக்கினார்கள். சமவெளி காய்ந்தது, பறவைகள் போயின. பிறகு அதே வாய்க்காலின் ஒரு பகுதியை மண் கொட்டி மூடி, பழைய வளைவுகளில் தண்ணீரை விட்டார்கள். அந்த வேலை 2021-இல்தான் முடிந்தது. ஓட்டம் திரும்பிய இடங்களில், மூழ்கிய மரக்கட்டைகளில் ஒட்டிக்கொண்டு ஓடும் நீரைச் சலித்துத் தின்னும் பூச்சிகளும் திரும்பின. நமக்கு அந்தச் சமவெளி வேலையை ஓரளவு செய்துவந்தவை இந்தக் குளங்கள். கரையில் நடைபாதையும் விளக்கும் போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாய்க்கால் தூர்ந்துவிட்டால் குளம் வெறும் தொட்டி.

திரும்பும் வழியில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். வாய்க்கால் வாய் கட்டட இடிபாட்டால் அடைபட்ட ஒரு குட்டை. மழைநீர் தேங்கியிருந்தது. தட்டில் விழுந்தது கொசுப்புழு மட்டும். அப்புறம் நகரத்துக்குக் கீழே, சாக்கடை கலந்த ஆற்றோரம்: அங்கே ரத்தச் சிவப்பில் புழுக்கள், கொத்துக் கொத்தாக. பிராணவாயு குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்க அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆற்றைக் குளத்தோடு இணைத்தால் மட்டும் போதாது, வருகிற தண்ணீர் எது என்பதும் முக்கியம். இந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் குளத்திலும் இந்தச் செம்புழுதான் மிஞ்சும்.

அதற்கு முன், புதுக்குளத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு மஞ்சள் தட்டான் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இந்த இனத்துக்கு முட்டையிலிருந்து இறகு வரை இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதுவரை தண்ணீர் நிற்க வேண்டும். பெரியவரிடம் போன் நம்பர் வாங்கி வந்தேன். புரட்டாசி கடைசியில் மறுபடி போய், கோரைத் தண்டுகளில் அதன் குஞ்சுகள் உரித்துவிட்ட தோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.