புழு வளர்த்த பக்தை

மரியா சிபில்லா மெரியன் 1647-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்துவிட்டார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தானாக முளைக்கின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இவரோ புழுவுக்குத் தழை போட்டு வளர்த்து, முட்டை முதல் வண்ணத்துப்பூச்சி வரை அது தின்னும் செடியோடு ஒரே படத்தில் வரைந்தார். 1679-இல் வந்த புத்தகத்தில், புகழை எனக்குத் தராதீர்கள், கடவுளுக்குக் கொடுங்கள் என்கிறார்.

அப்புறம் கணவரைப் பிரிந்து, அம்மாவோடும் மகள்களோடும் லபாடி என்ற கண்டிப்பான கிறித்தவச் சபையில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1699-இல், 52 வயதில், இளைய மகளோடு, தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த சூரினாமுக்குக் கப்பலேறினார். துணிச்சலைப் பாருங்கள்!

அங்கே கொய்யாக் கிளையில் சிலந்தி ஒன்று தேன்சிட்டு அளவிலான குட்டிப் பறவையைத் தின்பதுபோல வரைந்தார். கட்டுக்கதை என்று சிரித்தார்கள். பறவை பிடிக்கும் சிலந்தியை ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் அமேசான் பக்கம் நேரில் பார்த்தது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

என்னை உலுக்கியது மயில்கொன்றைப் படம். பிள்ளைகளும் அடிமையாகக் கூடாதென்று அடிமைப் பெண்கள் அதன் விதையால் கருவைக் கலைத்தார்களாம். அவர்களே சொன்னதாக எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் அவரும் அங்கே அடிமைகளை வேலை வாங்கியவர்தான்.