சத்தம் இருக்கிறது, படம் இல்லை

பாளையங்கோட்டையில் ஒரு ஆச்சி வீட்டுக்கு டிவி பழுது பார்க்கப் போயிருந்தேன். 32 அங்குல எல்இடி டிவி. "படம் வரமாட்டுக்கு தம்பி, சத்தம் மட்டும் கேக்கு" என்றார். இருபது நாளாக இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சீரியலைக் காதால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகன், பேனல் (படம் தெரிகிற கண்ணாடித் திரை) போயிருக்கும், தீபாவளிக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று போனில் சொல்லிவிட்டாராம்.

ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தேன். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் மங்கலாக ஒரு பெண் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். டார்ச்சை நகர்த்தினால் பக்கத்தில் ஒரு கதவு, ஒரு பூச்சாடி. "ஏ தம்பி, எல்லாரும் உள்ளதான் இருக்காவளா!" என்று ஆச்சி எழுந்தே வந்துவிட்டார்.

தொழிலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் இந்த டார்ச் சோதனையை எத்தனை தடவை செய்திருப்பேனோ தெரியாது. எல்இடி டிவி என்று நாம் சொல்வது உண்மையில் எல்சிடி திரைதான். திரைக்குத் தானாக வெளிச்சம் கிடையாது. பின்னால் இருக்கிற எல்இடி பட்டைகள்தான் அதற்கு வெளிச்சம் கொடுக்கின்றன. பட்டையில் உள்ள பல்புகள் பெரும்பாலும் 3 வோல்ட், சிலவற்றில் 6 வோல்ட். எல்லாம் கோயில் கொடைக்குக் கட்டுகிற சீரியல் செட் மாதிரி வரிசையாகக் கோத்தவை. ஒன்று போனால் மொத்தமும் அணைந்துவிடும். படம் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இதைப் பார்க்காமலே "பேனல் அவுட்" என்று சொல்லிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். பேனல் விலை புது டிவி விலையை நெருங்கும். அந்த வார்த்தையைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் டிவியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பட்டையை மாற்றுவது லேசான வேலை இல்லை. அன்றைக்கு ஆச்சியின் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தி, கட்டிலில் துவைத்த போர்வையை விரித்து, டிவியைப் பிரித்தோம். பேனல் கண்ணாடியின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் ஓரத்தில் தலைமுடி அகலம்கூட இல்லாத கம்பிகள் ஓடும் மெல்லிய நாடாக்கள் ஒட்டியிருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு வீட்டில் தனியாகத் தூக்கிப் பார்த்தேன். நாடா இழுபட்டு, திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது. அந்தப் பேனலுக்கு என் கைக்காசைக் கொடுத்தேன். அப்புறம் தனியாக ஒரு பேனலையும் தொட்டதில்லை.

பட்டையைச் சோதனைக் கருவியில் வைத்தால் கெட்ட பல்பு தெரிந்துவிடும். அதை மட்டும் மாற்றினால் செலவு குறைவுதான். ஆனால் கூட இருந்தவையும் அதே சூட்டில் வெந்தவை, கொஞ்ச நாளில் அடுத்தது போகும். அதனால் நான் பட்டைகளை முழு செட்டாகவே மாற்றுகிறேன். மாற்றியதும் மெனுவுக்குள் போய், 100-இல் இருக்கிற பேக்லைட்டை, அதாவது இந்தப் பட்டைகளின் வெளிச்ச அளவை, 60-க்குப் பக்கத்தில் இறக்கிவிடுவேன். சூடு குறைந்தால் ஆயுள் கூடும்.

கோடுகள் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் அடுத்த வாரம் எனக்குக் கோடு கேஸ்கள் வரும். வீட்டைக் கழுவுகிற வேகத்தில் திரையிலும் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கி, அந்த நாடாக்களை அரித்துவிடுகிறது. சில வீடுகளில் கண்ணாடியின் அடி ஓரத்தில் சந்தனப் பொட்டு. பொட்டை ஸ்டாண்டில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். திரைக்கு உலர்ந்த மெல்லிய துணி போதும். கறை போகாவிட்டால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள், அதுவும் சுவிட்சை அணைத்த பிறகு.

சத்தக் கேஸ்களில் பாதிக்கு மூடியைக் கழற்றவே வேண்டியதில்லை. செட்டாப் பாக்ஸ் வயரை ஹெட்போன் துளையில் செருகியிருப்பார்கள். டிவி ஸ்பீக்கரை அடக்கிவிடும். சவுண்ட்பார் வயரை, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்புகிற, ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் போடாமல் பக்கத்துத் துளையில் போட்டிருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஊமையாக இருந்தால், டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம் என்கிற சாதாரண வகைக்கு மாற்றினாலே பல நேரம் சத்தம் வந்துவிடும். ஸ்பீக்கர் மேலேயே சந்தேகம் என்றால் வயரைக் கழற்றி, ரிமோட் பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டுப் பார்ப்பேன். 'டக்' என்று கேட்டால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது.

பாட்டு பெரிதாகக் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை என்று வயதானவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் காதைக் குறை சொல்வார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. மெல்லிசான டிவியில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கிறது. அதையும் ஷோகேஸுக்குள் திணித்துவிட்டால் பேச்சு எப்படித் தெளியும்? டிவியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, சவுண்ட் மோடைப் பேச்சுக்கு உரியதாக மாற்றிக் கொடுத்தால் பலருக்கு அதுவே போதும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு ஒரு வார்த்தை. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து எச்டிஎம்ஐ பகுதியைக் கருக்கிவிட்ட போர்டுகள் என் கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன.

ஆச்சி வீட்டில் வேலை முடிய ஏழு மணியாகிவிட்டது. டிவியைப் போட்டதும் அறை முழுக்க வெளிச்சம். அவருடைய சீரியல் நேரம். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "கொரலு அதேதான் தம்பி, ஆளை மாத்திட்டானுவளே. இது எப்ப நடந்தது?" என்றார்.