ரைனோவிலிருந்து ரெவிட்டுக்கு: ஒரு வளைந்த கூரையின் பாடு

வளைந்த கூரையை டிசைன் டீம் ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைந்து அனுப்பும். "இதை மாடலில் வைத்து செக்ஷன் (குறுக்குவெட்டு) எடுத்துக் கொடுங்கள்" என்று ஒரு வரி கூடவே வரும். கட்டட மாடலைக் கட்டும் மென்பொருளான ரெவிட்டில் இம்போர்ட் செய்தால் திரையில் கூரை வந்து நிற்கும், பாதி வேலை முடிந்துவிட்டது போல இருக்கும். செக்ஷன் வெட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். தடிமன் கிடையாது, லேயர் கிடையாது, கூரை என்று டேக் போட முடியாது, ரூஃப் ஷெட்யூலில் (கூரை அட்டவணையில்) பரப்பளவு வராது. வந்திருப்பது கூரையின் தோல் மட்டும். அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு கட்டடத்தின் கூரையை ரெவிட்டிலேயே கட்ட வேண்டும். இதை முதல் நாளே ஒத்துக்கொண்டால் பின்னால் வரும் பல வாரத் தொல்லை மிச்சம்.

கோப்பு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது தட்டைத் துண்டுகளால் ஆன மெஷ்ஷா, கணிதத்தால் வரையறுத்த வழவழப்பான நர்ப்ஸா என்பதை. ஸ்கெட்ச்அப் என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து வருவது மெஷ். அங்கே வட்டம் என்பது இயல்பாக 24 நேர்கோடுகள். 12 மீட்டர் ஆரமுள்ள முழு வட்டத்தை அப்படி 24 துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் உண்மையான வளைவுக்கும் கோட்டுக்கும் சுமார் 103 மி.மீ. வித்தியாசம் வரும். 96 துண்டாக்கினால் அது 6 மி.மீ. சொச்சத்துக்கு இறங்கும். ஆனாலும் அது மெஷ்தான். அதை மாஸ் ஃபேமிலிக்குள் (ரெவிட்டில் மொத்த வடிவத்தை மட்டும் வைக்கும் தனிக் கோப்பு) வைத்தால், வெறும் மெஷ் இருப்பதால் தளங்களையும் கன அளவையும் கணக்கிட முடியாது என்று ரெவிட் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மூடிவிட்டு மேலே போகக் கூடாது. ரைனோ கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் மெஷ்ஷைப் பின்னணியில் வைத்து வளைவை நாமே வரைவது நல்லது.

நர்ப்ஸ் வந்தாலும் அப்படியே அனுப்பிவிட முடியாது. சுத்தம் செய்யும் வேலை முழுவதையும் ரைனோவிலேயே முடிக்க வேண்டும், ரெவிட்டுக்குள் வந்தபின் பழுதுபார்க்க வழியே இல்லை. ஷோஎட்ஜஸ் கட்டளையில் நேக்கட் எட்ஜைத் தேர்ந்தெடுத்தால் ஒட்டாத விளிம்புகள் நிறம் மாறித் தெரியும். அவசரத்தில் பலரும் ஜாயின்எட்ஜ் கொடுத்து அந்த நிறத்தைப் போக்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டளை இரண்டு விளிம்பும் ஒட்டியதாகக் குறித்துக்கொள்ளுமே தவிர, நடுவிலிருக்கும் இடைவெளியை அடைக்காது. ரெவிட் படிக்கக்கூடிய எஸ்.ஏ.டி. கோப்பாக வெளியே போகும்போது அதே இடத்தில் மறுபடி வாய் பிளக்கும். மேட்ச்சர்ஃப் கொண்டு ஒரு பரப்பை இன்னொன்றோடு உண்மையிலேயே பொருத்த வேண்டும், அல்லது அந்தத் துண்டைத் திரும்ப வரைய வேண்டும்.

அடுத்த எதிரி குட்டி விளிம்பு. கூரையின் ஓரத்தை மழுக்க 50 மி.மீ. ஃபில்லெட் கொடுத்திருப்பார்கள். அந்த ஃபில்லெட் ஒரு மூலையில் கூம்பி முடியும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரை மி.மீ. நீளத்தில் ஒரு விளிம்பு ஒளிந்திருக்கும். ரெவிட்டால் சுமார் 0.8 மி.மீ.க்கும் குறைவான கோட்டை உருவாக்க முடியாது. கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு விளிம்புக்காக ஒரு முகம் (உருவத்தின் ஒரு பரப்பு) விழுந்துவிடும், அல்லது முழு உருவமும் சாலிடாக வராது. ஏன் வரவில்லை என்றும் மென்பொருள் தெளிவாகச் சொல்லாது. இதற்கு ஒரே வழி, அனுப்பும் வடிவத்தில் ஃபில்லெட்டே வேண்டாம். ஓரம் கூராக இருக்கட்டும். மழுங்கிய ஓரத்தை 1:5 டீடெய்லில் காட்டிக்கொள்ளலாம்.

முக்கோணமாக முடியும் மூலைகளிலும் கவனம் தேவை. மூன்று விளிம்பு வைத்துப் பரப்பு உண்டாக்கினால் ஒரு பக்கம் முழுவதும் ஒரே புள்ளியில் சுருங்கிவிடும். அந்தப் புள்ளியில் பிறகு கண்ணாடிக் கட்டங்கள் எல்லாம் நெரிசலாகக் குவியும். நான்கு விளிம்புள்ள பெரிய பரப்பை வரைந்து, அதை முக்கோணமாக வெட்டிக்கொள்வது பழைய கைப்பழக்கம், இன்றும் அதுதான் சரி. சுற்றி மூடிய உருளைப் பரப்பு இருந்தால் இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்புங்கள்.

இன்னொன்று தூரம். ரெவிட்டின் உள் மூலப்புள்ளியிலிருந்து வெகு தொலைவில் வடிவம் இருந்தால் வளைவுகள் பல்லிளிக்கும். 33 கி.மீ.க்கு மேல் பரந்த கோப்பு என்றால் இம்போர்ட் செய்யும்போதே எச்சரிக்கை வரும். சர்வே வரைபடத்தின் மேல் நேராக மாடல் செய்திருந்தால் இது நிச்சயம் நடக்கும். சென்னையில் யு.டி.எம். என்ற உலக வரைபட அளவு முறையின் 44ஆம் மண்டலத்தில் எடுத்த சர்வே என்றால் வடக்கு அளவே 14 லட்சம் மீட்டரைத் தாண்டும். கட்டடத்தின் கிரிட் கோடுகளில் ஏ-யும் 1-ம் சந்திக்கும் புள்ளியை மூலப்புள்ளிக்கு நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினோம் என்பதைக் கோப்பிலேயே எழுதி வையுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது அதே எண்ணில்தான் நகர்த்த வேண்டும்.

ரெவிட்டில் இதைப் புராஜெக்ட்டுக்குள் நேராகக் கொட்டக் கூடாது. கொட்டி எக்ஸ்ப்ளோடும் செய்துவிட்டால் (தனித்தனியாக உடைத்துவிட்டால்) 'ரெண்டர் மெட்டீரியல் 255-255-255' போன்ற குப்பை மெட்டீரியல்கள் பட்டியலில் குடியேறி, கடைசி வரை கூடவே வரும். தனியாக ஒரு மாஸ் ஃபேமிலி திறந்து அதற்குள் இம்போர்ட் செய்ய வேண்டும்.

இம்போர்ட் ஆன முகத்தின் மேலேயே ரூஃப் பை ஃபேஸ் (முகத்தின் மேல் கூரை போடும் கட்டளை) போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம், முதல் முறை அழகாகவே வரும். டிசைன் டீம் புதிய வடிவம் அனுப்பி, பழையதை நீக்கிப் புதியதை வைக்கும்போதுதான் சிக்கல். பழைய முகமும் புதிய முகமும் நம் கண்ணுக்கு ஒன்று, ரெவிட்டுக்கு வேறு வேறு. கூரை தன் முகத்தை இழந்து அநாதையாக நிற்கும், அதில் கொடுத்த அளவுகளும் போகும். அதனால் மாஸை ரெவிட்டின் சொந்தக் கோடுகளால் திரும்பக் கட்டுவதே மேல். 18 மீட்டர் நீளக் கூரைக்கு 3 மீட்டருக்கு ஒன்றாக 7 செக்ஷன் போதும். ஒவ்வொரு ரெஃபரன்ஸ் பிளேனிலும் இம்போர்ட்டைப் பார்த்து ஆர்க் (வட்ட வில்) வரைந்து, ஏழையும் தேர்ந்தெடுத்து கிரியேட் ஃபார்ம் கொடுக்க வேண்டும். பிறகு செக்ஷன்களுக்கு நடுவே வெட்டி, புதியது பழையதிலிருந்து எங்கே விலகுகிறது என்று அளக்க வேண்டும். 10 மி.மீ.க்கு மேல் விலகினால் அங்கே எட்டாவது செக்ஷன். எல்லாம் சரியானதும் இம்போர்ட்டை நீக்கிவிட்டு ஃபேமிலியை லோட் செய்யுங்கள். இனி வடிவம் மாறினால் ஆர்க்கை மாற்றி, கூரையைத் தேர்ந்தெடுத்து அப்டேட் டு ஃபேஸ் அழுத்தினால் போதும். கூரை போடும்போது முகம் அதன் மேற்புறமா அடிப்புறமா என்ற தேர்வைப் பாருங்கள். கவனிக்காமல் விட்டால் 150 மி.மீ. கூரை 150 மி.மீ. தள்ளி உட்காரும்.

ஸ்ப்ளைன் என்ற நெளிவுக் கோடு இருக்க ஏன் ஆர்க் என்று கேட்கலாம். ஆர்க்குக்கு மையமும் ஆரமும் உண்டு, தளத்தில் இருப்பவருக்கு அது கையில் பிடிக்கக்கூடிய விஷயம். சிட்னி ஓப்பரா ஹவுஸ் 1957இல் போட்டியில் வென்றபோது அதன் ஷெல்களுக்குத் திட்டமான வடிவியல் கிடையாது. 1961இல் எல்லா ஷெல்களையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்று அதன் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் முடிவு செய்த பிறகுதான் விலா எலும்பு போன்ற கான்கிரீட் துண்டுகளை அதே அச்சுகளில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் வளைவு வேலைக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

கண்ணாடிக்கும் இதே கணக்குதான். 1500 மி.மீ. அகலத் தட்டைக் கண்ணாடி 12 மீட்டர் ஆர வளைவில் உட்கார்ந்தால் நடுவில் 23 மி.மீ. இடைவெளி விழும். 75 மீட்டர் ஆரத்தில் அது 4 மி.மீ.க்கும் குறைவு. இரு திசையிலும் வளைந்த பரப்பு என்றால் நாற்கரக் கண்ணாடியின் நான்காவது மூலை மற்ற மூன்றின் தளத்தில் இருக்காது. எவ்வளவு விலகுகிறது என்பதை ஒவ்வொரு பேனலுக்கும் அளந்து கண்ணாடிக்காரரிடம் கொடுத்துக் கேட்க வேண்டும். முக்கோணமாகப் பிரித்தால் அந்தத் தொல்லை இல்லை. 2000இல் திறந்த பிரிட்டிஷ் மியூசியத்தின் கிரேட் கோர்ட் கூரை 3,312 முக்கோணக் கண்ணாடிகளால் ஆனது. ஆனால் நாற்கரக் கட்டத்தில் ஒரு முடிச்சில் நான்கு கம்பி சேரும் இடத்தில், முக்கோணக் கட்டத்தில் ஆறு சேரும். ஸ்டீல் செலவு அங்கே ஏறும்.

கடைசியாகத் தளத்துக்குப் போக வேண்டியது ஓர் அட்டவணை. கூரையைத் தாங்கும் ஒவ்வொரு விலாக் குழாய்க்கும் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, ஆரம், நடுப்புள்ளியின் ஆர்.எல். (குறித்த மட்டத்திலிருந்து உயரம்) ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். இந்த நான்காவது எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரோலிங் செய்து வளைத்த குழாய் எந்திரத்திலிருந்து வெளியே வந்ததும் சற்று விரிந்துகொள்ளும். இரு முனையையும் இழுத்துப் பிடித்துப் பொருத்திவிட்டால் அது வெளியே தெரியாது. நடுப்புள்ளியின் உயரத்தில்தான் தெரியும்.