112 கையெழுத்து போதுமா?

போதாது. மலேசிய மக்களவையின் 222 இடங்களில் பிரதமருக்கு 112 பேர் ஆதரவு வேண்டும். ஆனால் ஆதரவை எழுதிக் கொடுத்த சரியாக 112 சத்தியப் பிரமாணத் தாளோடு மாமன்னரின் அரண்மனையான இஸ்தானா நெகாரா போனால், ஒரே ஒருவர் மனம் மாறினாலும் கதை முடிந்தது.

இந்தச் சத்தியப் பிரமாணம் சிறிய தாள்தான்: பெயர், அடையாள அட்டை எண், யாருக்கு ஆதரவு என்ற ஒரு வரி, தேதி, சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை. கையெழுத்து அந்த ஆணையரின் கண்முன்னே விழ வேண்டும். தேதியைக் கூர்ந்து பாருங்கள். அதே உறுப்பினர் மறுநாள் எதிரணிக்கும் ஒரு தாள் கொடுத்தால் இரண்டு பக்கமும் கணக்கு ஏறிவிடும். 2020 பிப்ரவரியில் மாமன்னர் உறுப்பினர்களை ஒவ்வொருவராக நேரில் அழைத்தே கேட்டார்.

2022 அக்டோபரில், கட்சி தாவினால் உறுப்பினரின் இடம் காலியாகும் என்ற கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின் வேலையே மாறிவிட்டது. தனி ஆட்களுக்குப் பின்னால் ஓடுவதைவிடக் கட்சித் தலைமையைப் பேசி முடிப்பதே முதல் காரியம். அந்த நவம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பின், தேசிய முன்னணிக் கூட்டணியின் 30 பேர் மொத்தமாக எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாமே தொங்கியது.

ஓட்டை இல்லாமல் இல்லை. கட்சியில் இருந்துகொண்டே எதிர்த்தரப்புப் பிரதமரை ஆதரித்த பெர்சத்து கட்சியின் உறுப்பினர்கள் அறுவரின் இடம் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் சபாநாயகர் முடிவு சொன்னார். வாக்களித்த மக்களுக்கு இது அநியாயம். திருத்தியே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பெயர்ப் பட்டியலைத் தயவுசெய்து பகிராதீர்கள். முத்திரையும் தேதியும் இல்லாத பெயர் கணக்கில் வராது.