கடிதத்தில் உள்ள தொகையும் நான்கு வருடக் கணக்கும்: மே 1 வரையிலான குறிப்புகள்

மார்ச் 21, 2026

அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுக் கடிதங்கள் வந்து சேரும் நாட்கள். எந்தக் கல்லூரியில் சேர்வது என்று பெரும்பாலும் மே 1க்குள் டெபாசிட் கட்டி உறுதிசெய்ய வேண்டும். இடம் கிடைத்ததா என்பதைவிட, அதற்குக் கீழே உள்ள தொகைதான் பல வீடுகளில் பேச்சாக இருக்கிறது. ஒரே கல்லூரி, ஏறத்தாழ ஒரே எஸ்ஏடி தேர்வு மதிப்பெண். மூன்று வருடம் முன்பு அக்காவுக்குக் கிடைத்த மெரிட் ஸ்காலர்ஷிப் (மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துத் தரும் உதவித்தொகை) இப்போது தம்பிக்கு இல்லை, அல்லது பாதியாகிவிட்டது. இதைப் பிள்ளையின் குறையாகப் பேச வேண்டாம். மெரிட் ஸ்காலர்ஷிப்பின் பெரும்பகுதி உண்மையில் கட்டணத் தள்ளுபடி. இடங்களை நிரப்ப எவ்வளவு தள்ளுபடி தேவையோ அவ்வளவுதான் கல்லூரி தரும். தள்ளுபடி இல்லாமலே வெளிமாநில மாணவர்கள் வரத் தொடங்கிவிட்டால், அரசுப் பல்கலைக்கழகம் தொகையைக் குறைக்கும். இல்லையென்றால் தகுதி மதிப்பெண்ணை ஏற்றும். எட்டு ஐவி லீக் கல்லூரிகளிலும் மெரிட் என்ற பேச்சே கிடையாது. அங்கே குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் உதவி.

இணையத்தில் கிடைக்கும் ஸ்காலர்ஷிப் அட்டவணையை நம்புவதற்கு முன் அதன் தலைப்பைப் பாருங்கள். அது எந்த ஆண்டு சேர்பவர்களுக்கானது என்று எழுதியிருக்கும். பழைய அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்த குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

மார்ச் 24

அவார்டு லெட்டரை (எவ்வளவு உதவி என்று கல்லூரி சொல்லும் கடிதத்தை) ஒரு பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். மொத்த உதவி என்று அடியில் கூட்டிப் போட்டிருக்கும் எண்ணை முதலில் அடித்துவிடுங்கள். அதற்குள் மாணவர் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடன் 5,500 டாலர் இருக்கும். அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். வொர்க் ஸ்டடி இருக்கும். அது கல்லூரி பில்லில் கழியாது, பிள்ளை வேலைக்குப் போன பிறகு சம்பளமாக வரும். இரண்டையும் நீக்கினால் மிஞ்சுவதுதான் உண்மையான உதவி.

செலவுப் பக்கத்திலும் ஓட்டைகள் உண்டு. டியூஷன், கட்டாயக் கட்டணங்கள், அறை, சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் இருக்கும். விடுபடுவது பொறியியலுக்கும் பிசினஸுக்கும் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் வாங்கும் கூடுதல் டியூஷன். கடிதம் பொது டியூஷனைக் காட்டும், பில்லில் கூடுதல் வரும். இன்னொன்று மருத்துவக் காப்பீடு. பல கல்லூரிகள் தங்கள் காப்பீட்டைத் தாமாகவே பில்லில் சேர்த்துவிடும். குடும்பக் காப்பீடு இருப்பதைக் கெடுவுக்குள் காட்டினால்தான் அது நீங்கும்.

மார்ச் 28

நிலைத் தொகையா, விழுக்காடா? ஸ்காலர்ஷிப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலானவை நிலைத் தொகைதான். கட்டணம் ஏறும், தொகை அங்கேயே நிற்கும்.

ஒரு உதாரணக் கணக்கு. தனியார் கல்லூரி, எல்லாம் சேர்த்து முதல் வருடம் 62,000 டாலர். ஸ்காலர்ஷிப் 22,000. கையிலிருந்து 40,000. செலவு வருடத்துக்கு 4% ஏறுவதாக வைத்தால் இரண்டாம் வருடம் 42,480, மூன்றாம் வருடம் 45,059, நான்காம் வருடம் 47,742. மொத்தம் 1,75,281. முதல் வருடத் தொகையை நான்கால் பெருக்கி 1,60,000 என்று நினைத்திருந்தால் 15,281 டாலர் துண்டு விழும். கல்லூரி ஏற்றுவது 4% தான், ஆனால் உங்கள் பாக்கெட்டில் முதல் ஏற்றமே 6.2%. ஏற்றம் முழுவதும் உங்கள் பங்கின் தலையில் விழுவதால் இப்படி ஆகிறது.

இந்தக் கணக்கை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகப் போடாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 2

ஸ்காலர்ஷிப் குறைவதைவிட வலிப்பது, நடுவில் முழுவதும் போவது. புதுப்பிப்பு நிபந்தனையை அவார்டு லெட்டரில் சிறிய எழுத்தில்தான் போடுவார்கள். ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.0 என்றால் பெரும்பாலோர் சமாளிப்பார்கள். 3.5 என்றால் பொறியியலிலும் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பிலும் நிஜமாகவே ஆபத்து. முதல் வருடத்திலேயே கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து வரும்.

30 கிரெடிட் (பாட அலகு, பொதுவாக ஒரு வருடப் படிப்பு) முடிவில் 3.2 எடுத்த பிள்ளை, 60 கிரெடிட் முடிவில் 3.5க்கு வர வேண்டுமானால் அடுத்த 30 கிரெடிட்டில் 3.8 எடுக்க வேண்டும். பள்ளியில் எல்லாவற்றிலும் ஏ வாங்கிய பிள்ளைதானே என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து இந்த நிபந்தனையை ஏற்க வேண்டாம்.

சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். ஜிபிஏவை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறீர்களா, வருட முடிவில் மட்டுமா? குறைந்தால் ஒரு பருவம் அவகாசம் உண்டா? போனது திரும்பக் கிடைக்குமா? வருடத்துக்கு 24 கிரெடிட் போதுமா, 30 வேண்டுமா? கோ-ஆப் வேலைக்கு (படிப்பின் நடுவே சம்பளத்தோடு செய்யும் பயிற்சி வேலை) போகும் பருவம், ஸ்காலர்ஷிப் தரும் எட்டுப் பருவக் கணக்கில் கழியுமா? இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு வருடமும் தக்கவைத்தார்கள்? கடைசிக் கேள்விக்குச் சில கல்லூரிகள் எண் தரும், சில மழுப்பும். மழுப்பினால் அதையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

30 கிரெடிட் நிபந்தனையில் பலர் வழுக்கும் இடம் ஒன்று. கடினமான பாடத்தைப் பாதியில் விட்டு டபிள்யூ வாங்கினால் ஜிபிஏ தப்பும், கிரெடிட் 27 ஆகும், ஸ்காலர்ஷிப் போகும். கோடையில் அந்த மூன்று கிரெடிட்டை ஈடுகட்ட விடுவார்களா என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள்.

ஏப்ரல் 7

மாநில ஸ்காலர்ஷிப்களும் கல்வெட்டு அல்ல. ஜார்ஜியாவின் ஹோப் 1993ல் லாட்டரி வருமானத்தில் தொடங்கியது. தேவை லாட்டரி வருமானத்தைத் தாண்டி ஓடியதும் 2011ல் வெட்டினார்கள். புத்தகப் பணமும் கட்டாயக் கட்டணமும் நின்றன, ஹோப் முழு டியூஷனைத் தருவதும் நின்றது. முழு டியூஷன் ஜெல் மில்லர் என்ற மேல்படிக்கு மட்டும் என்றானது. அதற்குப் பள்ளியில் 3.7, கல்லூரியில் 3.3 தேவை, ஹோப்புக்கு 3.0. அரசுக் கல்லூரிகளில் ஹோப் மறுபடி முழு டியூஷனைத் தொட்டது 2023ல்தான். இப்போதும் இரண்டு முறை இழந்தால் மூன்றாவது வாய்ப்பு இல்லை.

லூசியானாவில் நடந்தது இன்னும் கடுமை. 2016-17ல் பட்ஜெட் பற்றாக்குறையால் டாப்ஸ் ஸ்காலர்ஷிப் இலையுதிர்ப் பருவத்தில் பெரும்பகுதி வந்தது, வசந்தப் பருவத்தில் பாதிகூட வரவில்லை. ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் வருட நடுவில் மிச்சத்தைக் கட்ட வேண்டியிருந்தது. ஃபுளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ், ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்ற நிலைத் தொகையாகச் சுருங்கிப் பல வருடம் கழித்து, 2017-18ல் அதன் மேல்படியினருக்கு மட்டும் முதலில் 100% டியூஷனுக்குத் திரும்பியது. அங்கே பாதியில் விட்ட பாடத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டவும் வேண்டும்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்கான விசா) உள்ள நம் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வருடம் ஜார்ஜியாவிலேயே படித்திருந்தாலும் ஹோப் கிடையாது. மத்திய அரசுக் கடனும் கிடையாது. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் மெரிட்தான் அவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சும் வழி. அது குறைந்தால் இவர்களுக்கு அடி இரட்டிப்பு. உள்மாநில மாணவர்களுக்கான கட்டணச் சலுகை விசாவில் உள்ளவர்களுக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கல்லூரியின் வசிப்பிடத் தகுதி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல் 10

மேற்கு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மேற்கு மாநிலங்கள் ஒன்றின் மாணவர்களுக்கு மற்றொன்று டியூஷனைக் குறைத்துத் தரும் டபிள்யூயூஇ திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள், உள்மாநில டியூஷனில் 150%க்கு மேல் வாங்கக் கூடாது. மெரிட் குறைந்த இடத்தில் இது கைகொடுக்கும். ஆனால் இடங்களுக்கு வரம்பு வைக்கும் கல்லூரிகளும் சில படிப்புகளை விலக்கும் கல்லூரிகளும் உண்டு. தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் தனியாகக் கேட்காததால் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 14

கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கலாம், கேட்டதற்காக இடத்தைப் பறிக்க மாட்டார்கள். எங்கே கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மெரிட் என்றால் சேர்க்கை அலுவலகம். வேலை போனது, மருத்துவச் செலவு, வருமானம் குறைந்தது என்றால் நிதி உதவி அலுவலகம். ஃபாஃப்ஸாவில் (மத்திய அரசின் நிதி உதவி விண்ணப்பம்) காட்டியது பழைய வருட வருமானம் என்பதால் புதிய நிலைக்கு ஆவணம் தர வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

மெரிட் கடிதத்தை மாணவரே எழுதட்டும். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்காகச் சேர விரும்புகிறார், விண்ணப்பித்த பிறகு கூடிய மதிப்பெண் என்ன, ஒத்த தரமுள்ள இன்னொரு கல்லூரி தந்த நிகரச் செலவு என்ன, எவ்வளவு கிடைத்தால் சேர முடியும். போட்டிக் கல்லூரியின் கடிதத்தை இணைக்கவும். ஒத்த தரம் என்ற சொல் முக்கியம். தரவரிசையில் வெகு தூரத்தில் உள்ள கல்லூரியின் பெரிய தொகையைக் காட்டினால் எடுபடாது. மதிப்பெண் அட்டவணைப்படி தானாக வழங்கும் அரசுப் பல்கலைக்கழகங்களில் பேரத்துக்கு இடம் குறைவு. இடம் நிரம்பாத தனியார் கல்லூரிகளில் வாய்ப்பு அதிகம். ஏப்ரல் கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம், பதில் வர ஒரு வாரமாவது ஆகும்.

ஏப்ரல் 18

வெளி ஸ்காலர்ஷிப் வாங்கிச் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: வெளியிலிருந்து 3,000 டாலர் வந்தால், கல்லூரி தன் உதவியில் 3,000 குறைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அரசுக் கல்லூரிகளில் இதை முதலில் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது மேரிலாந்து, 2017ல். முதலில் கடனைக் குறைப்பீர்களா, கிராண்ட்டை (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) குறைப்பீர்களா என்று கல்லூரியிடம் கேட்டுவிட்டு, வெளி ஸ்காலர்ஷிப் விண்ணப்பக் கட்டுரைகளை எழுத உட்காரலாம்.

வரி பற்றியும் ஒன்று. டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடத்துக்குத் தேவையான புத்தகம் இவற்றுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி மாணவரின் வரி விதிக்கத்தக்க வருமானம்.

ஏப்ரல் 24

முன்பு போட்ட கணக்கை இப்போது கடனோடு பொருத்திப் பார்க்கலாம். குடும்பத்தால் வருடத்துக்கு 25,000 டாலர் தர முடியும் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் கடன் வரம்பு 5,500, 6,500, 7,500, 7,500. நான்கு வருடத்தில் 27,000. மிச்சத்துக்குப் பெற்றோர் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடனான பேரன்ட் பிளஸ். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அதில் ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. அதற்கு முன் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்தது.

அந்தத் தனியார் கல்லூரியில் பேரன்ட் பிளஸ் தேவை 9,500, 10,980, 12,559, 15,242. மொத்தம் 48,281. வரம்புக்குள் வருகிறது. ஆனால் இரண்டாம் வருட முடிவில் ஸ்காலர்ஷிப் போனால் மூன்றாம் வருடத் தேவை 34,559. வரம்பு 20,000. மீதி 14,559க்குத் தனியார் வங்கிக் கடன், அல்லது படிப்பை நிறுத்துவது. பாதிப் படிப்போடு வெளியேறும் பிள்ளைக்கு அதுவரை வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

பக்கத்தில் உள்மாநில அரசுக் கல்லூரியை வையுங்கள். ஸ்காலர்ஷிப் ஒரு டாலர்கூட இல்லை. முதல் வருடம் 30,000, ஏற்றம் 3%. நான்கு வருடம் 1,25,509. குடும்பப் பணம் போக மிச்சம் 25,509. மாணவர் கடனுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. 22,000 தருகிறேன் என்ற கடிதத்துக்கும் எதுவும் தராத கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம், இரண்டாவதற்குச் சாதகமாக ஏறத்தாழ 50,000 டாலர். தொகையின் பெருமையைப் பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து போடுங்கள், கடன் அவர் பெயரிலும்தான் இருக்கப்போகிறது.

ஏப்ரல் 29

வெள்ளிக்கிழமை மே 1. ஒரு கல்லூரிக்கு மட்டும் டெபாசிட் கட்டுங்கள். பெரும்பாலும் திரும்ப வராது. பேரத்துக்காக இரண்டு இடத்தில் கட்டினால், தெரியவரும்போது இரண்டு இடமும் போகக்கூடும். பேச்சு முடியவில்லை என்றால் ஒரு வாரம் அவகாசம் கேட்டு எழுதுங்கள், பல கல்லூரிகள் தரும்.

கட்டுவதற்கு முன் ஸ்காலர்ஷிப் பக்கம், புதுப்பிப்பு நிபந்தனை, மின்னஞ்சல் பதில்கள் மூன்றையும் தேதி தெரியும்படி பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் அதே இணையப் பக்கத்தில் வேறு நிபந்தனை இருக்கலாம். ஸ்காலர்ஷிப்பைத் தனியாக ஏற்றுக்கொள்ள போர்ட்டலில் இன்னொரு பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். டெபாசிட் கட்டிவிட்டு அதை அழுத்த மறந்தால் தொகை ஜூலை பில்லில் வராது.